கல்கத்தாவில் எழுதிய கடிதம்

கைதாகிறவருக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்று சொல்லும் பலகையைக் காவல் நிலையங்களில் பார்த்திருப்பீர்கள். நம் வழக்கறிஞர்கள் அந்த விதிகளை ‘டி.கே.பாசு’ என்றே சொல்வார்கள். அவை பிறந்தது கல்கத்தாவிலிருந்து போன ஒரு கடிதத்தில்.

1986 ஜூலையில் ‘டெலிகிராஃப்’ நாளிதழ் மூன்று நாள் தொடர்ந்து லாக்கப் மரணச் செய்திகளை வெளியிட்டது. ஆகஸ்டில் ‘ஸ்டேட்ஸ்மேன்’, ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ இதழ்களிலும் வந்தன. மேற்கு வங்கத்தில் இயங்கிய சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவர் டி.கே.பாசு. அவர் இந்தச் செய்திகளைச் சுட்டிக்காட்டி, ஆகஸ்ட் 26 அன்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதினார். இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு வேண்டும், அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டும், இக்கடிதத்தையே பொதுநல மனுவாக ஏற்க வேண்டும் என்று கேட்டார்.

1987 பிப்ரவரியில் கடிதம் ரிட் மனுவானது. நாங்கள் எதையும் மூடி மறைக்கவில்லை, மனுவே தவறானது என்றது மாநில அரசு. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் எல்லா மாநிலங்களுக்கும் நோட்டீஸ் போனது. தீர்ப்பு வர மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

1996 டிசம்பர் 18 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், ஏ.எஸ்.ஆனந்த் இருவரும் 11 கட்டளைகளை விதித்தார்கள். கைது செய்யும் காவலர் தெளிவான பெயர்ப்பட்டை அணிய வேண்டும். நேரமும் தேதியும் போட்டுக் கைதுக் குறிப்பு எழுதி, ஒரு சாட்சியிடமாவது கையெழுத்து வாங்க வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். 12 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போய், அங்கே பலகையில் ஏற வேண்டும். மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. அநேகமாக எல்லாமே தகவல் பற்றிய கட்டளைகள். எழுத்தில் ஏறாத கைது, நடக்காத கைதாகிவிடும். அந்த இடைவெளியில்தான் அடி விழுகிறது.

இந்த விதிகளை எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒட்டச் சொன்ன நீதிமன்றம், வானொலியில் ஒலிபரப்பி, தூர்தர்ஷனில் ஒளிபரப்பி, உள்ளூர் மொழியில் துண்டுப் பிரசுரமாகவும் கொடுக்கலாம் என்றது. 2010 நவம்பரில் இவற்றில் பல குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் புகுந்தன. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்திலும் தொடர்கின்றன. ஆனாலும் 2020-இல், சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களில் இறந்தபோது, இந்தத் தீர்ப்புக்கு வயது இருபத்து மூன்று.

காவல் நிலையத்துப் பலகை, படிக்க வேண்டியவர் கண்ணில் தாமதமாகத்தான் படுகிறது. உள்ளே போன பிறகு அதை நின்று படிக்க யார் விடுவார்கள்? அது கிளை நூலகத்தில், ரேஷன் கடையில், பேருந்து நிலையத்தில் தொங்க வேண்டும். நூலகர்கள் மனம் வைத்தால் ஒரு தாளில் அச்சிட்டு வாசலில் ஒட்டிவிடலாம். அதன் அடியில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண்ணையும் சேர்த்துவிடுங்கள்: 15100.