ஃபோர்-எச் இயக்கம்

ஃபோர்-எச் என்பது அமெரிக்காவின் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தோன்றிய இளையோர் மன்ற இயக்கம். தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கின் ஆங்கிலப் பெயர்களும் 'எச்' எழுத்தில் தொடங்குவதால் வந்த பெயர் இது. பச்சை நிற நாலிலைக் குளோவர் இதன் சின்னம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேளாண் கல்லூரிகளிடம் புதிய விதைகளும் மண் ஆய்வும் இருந்தன. காது கொடுத்துக் கேட்கத்தான் ஆளில்லை. படித்தவர் சொல்லி நாம் உழுவதா என்று அப்பாக்கள் ஒதுங்கினார்கள். ஆகவே கல்லூரிக்காரர்கள் மகன்களைப் பிடித்தார்கள். இல்லினாய்சின் மக்கூப்பின் கவுன்டியில் வில் ஆட்வெல் என்பவர் கூட்டிய உழவர் கூட்டங்கள் காற்று வாங்கின. பையன்களுக்கு மக்காச்சோள விதைப் பொட்டலம் கொடுத்துப் போட்டி அறிவித்ததும், விளைச்சலைக் காட்ட அவர்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள்.

1902 ஜனவரி 15 அன்று ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில், நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், பள்ளிக் கண்காணிப்பாளர் ஏ.பி. கிரகாம் சுமார் 30 பிள்ளைகளைக் கூட்டினார். லிட்மஸ் தாளால் வயல் மண்ணைச் சோதிப்பதும் நல்ல விதை பொறுக்குவதும் அவர்களுக்கு வேலை. இயக்கத்தின் பிறந்தநாளாகப் பெரும்பாலும் இதையே சொல்கிறார்கள். நாங்கள்தான் முதல் என்று மார்தட்டும் மாநிலங்கள் வேறு உண்டு.

தெற்கில் கதை இன்னும் சுவையானது. 1910இல் தென் கரோலினாவில் மக்காச்சோள மன்றத்தின் 15 வயதுப் பையன் ஒருவன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு (தானிய அளவு) மேல் மக்காச்சோளம் எடுத்தான். மாநிலச் சராசரி அப்போது 20 புஷலைக்கூடத் தொடவில்லை! அதே ஆண்டு, அதே மாநிலத்தின் எய்கன் கவுன்டியில், பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் மன்றம் இல்லை என்று கேட்ட ஆசிரியை மேரி குரோமர் தக்காளி மன்றம் தொடங்கினார். ஆளுக்குப் பத்து சென்ட் நிலம். விளைந்ததைத் தகர டப்பாவில் அடைத்து விற்றார்கள். கையில் சொந்தக் காசு புரண்டது. சோளத்தைவிட இதுவே பெரிய மாற்றம்.

1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் வேளாண் விரிவாக்கப் பணிக்கு மத்திய அரசின் நிதியைக் கொண்டுவந்தது. மன்றங்களும் அதன் கீழ் வந்தன. 1924 வாக்கில் ஃபோர்-எச் என்ற பெயர் நிலைத்தது. ஆனால் தெற்கில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனி மன்றம், தனி முகாம், குறைந்த பணம். 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தப் பிரிவினை கலைந்தது. அப்படி இணைத்தபோது பதவியும் பொறுப்பும் இழந்தவர்களில் கறுப்பின அலுவலர்களே அதிகம்.

இப்போது சுமார் 60 லட்சம் பேர் பங்கேற்கிறார்கள். நகரத்துப் பிள்ளைகள் ரோபோ செய்கிறார்கள். கவுன்டிச் சந்தைகளிலோ, தீவனச் செலவை நோட்டில் எழுதி, கன்றைக் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளை, அதைத் தானே ஏலத்துக்கு ஓட்டி வருகிறது.