எழுத்துத் திறனும் பிழைப்பும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் தட்டச்சு முதல் சமூக ஊடகம் வரை

ஒரு மொழியை எழுதத் தெரிந்திருப்பது எப்பொழுது பிழைப்புக்கு வழியாகிறது என்னும் வினா மொழியியலாரால் அதிகம் எழுப்பப்படுவதில்லை. கிளைமொழி பற்றியும் இருமொழியம் பற்றியும் ஆய்வுகள் மிகுந்திருக்கும் அளவிற்கு, எழுத்துத் திறன் ஈட்டித் தரும் ஊதியம் பற்றிய ஆய்வுகள் தமிழில் மிகவில்லை. வலைப்பதிவும் சமூக ஊடகமும் வேலைவாய்ப்புக்கு வழி திறக்கின்றன என்று இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இக்கூற்றைத் தனித்து நோக்காமல், முன்னைய எழுத்துக் கருவிகளோடு சேர்த்து வரலாற்று நோக்கில் காணும்போதுதான் அதன் உண்மையும் எல்லையும் புலனாகும். அதற்கு ஏற்ற களமாகக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ் வழங்கும் எல்லைப் பகுதிகள் அமைகின்றன. எழுதும் கருவி மாறியபோதெல்லாம் இங்கு ஒரு சாராருக்கு வேலை கிடைத்தது. ஆனால் அவ்வேலைக்குரிய மொழி பெரும்பாலும் தமிழாக இருந்ததில்லை. அந்நிலை அண்மையில்தான் ஓரளவு மாறியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நிலமும் ஆட்சியும்

1956 நவம்பர் 1ஆம் நாள் கேரளம் உருவாகும் வரை இப்பகுதிகள் ஓர் ஆட்சியின் கீழ் இருந்தவை அல்ல. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களைக் கொண்ட சித்தூர்ப் பகுதி கொச்சி அரசின் நிலம். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்கு உரியவை. இடுக்கி மாவட்டம் 1972இல்தான் அமைக்கப்பட்டது. ஆகவே இங்குள்ள தமிழும் ஒரு தமிழ் அன்று. சித்தூர்ப் பகுதியில் வழங்குவது கொங்குத் தமிழின் தொடர்ச்சி. கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களில் வழங்குவது மலையாளத்தோடு நெருங்கிப் பழகிய வேறொரு வழக்கு. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் கேட்பது மதுரை, தேனி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய பேச்சு. இம்மூன்றையும் 'கேரளத் தமிழ்' என ஒரே பெயரில் அடக்கும் போக்கு ஆய்வுக்கு உதவாது. பேச்சில் வேறுபட்டாற்போலவே எழுத்தால் பிழைத்த வகையிலும் இவை வேறுபட்டன.

தட்டச்சுப் பொறியின் காலம்

எழுத்துத் திறன் வாழ்வை மாற்றியதற்கு இப்பகுதியில் காணப்படும் தெளிவான சான்று பாலக்காட்டு அக்கிரகாரங்களின் வரலாறாகும். 1866இல் பள்ளியாகத் தொடங்கி 1888இல் கல்லூரியாக உயர்ந்த விக்டோரியாக் கல்லூரி ஆங்கிலக் கல்வியை ஊருக்குள் கொணர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பள்ளி இறுதி வகுப்பு முடித்த இளைஞர் தட்டச்சும் பிட்மன் முறைச் சுருக்கெழுத்தும் பயின்று பம்பாய்க்கும் கல்கத்தாவிற்கும் தில்லிக்கும் இரயிலேறுவது வழக்கமாயிற்று. இவ்விரு பயிற்சிகளும் குறுகிய காலத்தில் முடிவன, செலவு குறைந்தவை. பட்டம் பெறும் வசதியில்லாத குடும்பத்தின் இளைஞனையும் இவை மாதச் சம்பளக்காரனாக்கின. 1970 சனவரி முதல் முழு வேகத்துடன் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தம் அக்கிரகாரங்களின் குத்தகை வருவாயை முடிவுக்குக் கொண்டுவந்தபோது, இவ்வழி மேலும் இன்றியமையாததாயிற்று.

எழுத்தர் மேசை எவ்வளவு தொலைவு கொண்டுசெல்லக் கூடும் என்பதற்கு ஒற்றப்பாலம் பகுதியிற் பிறந்த வி. பி. மேனனைச் சுட்டலாம். மலையாளக் குடும்பத்தினரான அவர் பல்கலைக்கழகப் பட்டம் இன்றி எழுத்தர் நிலையிலிருந்து உயர்ந்து, 1942இல் அரசியலமைப்புச் சீர்திருத்த ஆணையரானார். 1947 மே மாதம் சிம்லாவில் அதிகார மாற்றத் திட்டத்தின் வரைவைச் சில மணி நேரத்தில் எழுதி முடித்தவர் அவரே.

ஆயின் இத்திறன் முழுவதும் ஆங்கிலத் திறன் என்பதை மறத்தல் கூடாது. தமிழ் வீட்டிலும் கோயிலிலும் கடிதத்திலும் நின்றுவிட்டது. அலுவலகத்தில் அதற்கு ஊதியம் இல்லை. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறி பின்னர் வழக்கிற்கு வந்தபோதும், பம்பாய் அலுவலகங்களுக்கு அதனால் பயன் ஏதும் இருக்கவில்லை. மேலும், வேலை வேண்டுவோர் ஊரைவிட்டு நீங்கியே ஆகவேண்டும் என்பது இத்திறனின் எழுதாத விதியாக இருந்தது. மாட்டுங்காவில் குடியேறியோர் 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகத்தை நிறுவித் தமக்கென ஓர் ஊரையே அமைத்துக்கொண்டனர். அதே நகரில் 1960இல் தோன்றிய 'மார்மிக்' என்னும் மராத்தி வார இதழ், அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966இல் தோன்றிய சிவசேனையின் எழுச்சியில் இப்பட்டியல்களுக்குப் பங்குண்டு. ஒரு சாராரின் எழுத்துத் திறன் மற்றொரு சாராரின் கண்ணை உறுத்தும் அளவிற்கு விலைமதிப்புப் பெற்றிருந்தது என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

தோட்டத்துக் கணக்கேடு

இடுக்கி மலைகளின் நிலை இதற்கு மாறானது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றதைத் தொடர்ந்து தோட்டங்கள் எழுந்தன. அவற்றிற்குக் கங்காணிகள் வழியே தமிழகத்திலிருந்து ஆள் சேர்க்கப்பட்டது. பறித்த கொழுந்தின் எடை, வேலைக்கு வந்த நாள், பெற்ற முன்பணம் ஆகிய யாவும் ஏட்டில் ஏறின. ஏட்டை எழுதியவர் ஒருவர், ஏட்டிற்கு உட்பட்டவர் மற்றொருவர். லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கு எழுத்து என்பது தன்னைப் பற்றிப் பிறர் எழுதி வைப்பதாகவே நெடுங்காலம் இருந்தது.

இதன் விளைவு அரசியலிலும் புலப்பட்டது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிப் போராடியது. 1955இல் அறிக்கை அளித்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் தென்திருவிதாங்கூரின் நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்திற்குப் பரிந்துரைத்தது. ஆனால் இம்மலை வட்டங்களின் தமிழரை நிலையாகக் குடியிருப்போராகக் கொள்ளாமல், பெரும்பாலும் தோட்ட வேலைக்காக வந்து செல்வோராகவே மதிப்பிட்டது. தலைமுறைகளாக வாழ்ந்தும் தம் இருப்பைத் தாமே எழுதிப் பதிவு செய்யும் வாய்ப்பில்லாத ஒரு மக்கள் தொகுதி இவ்வாறு மதிப்பிடப்பட்டதில் வியப்பில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

கணினித் தமிழும் ஊதியமும்

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் 'தமிழ்99' விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. ஒருங்குறி பரவியபின், 2003ஆம் ஆண்டளவில் தமிழ் வலைப்பதிவுகள் தோன்றலாயின. 2004இல் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி அவற்றை ஓரிடத்திற் சேர்த்தது. 'பின்னூட்டம்', 'பதிவர்', 'திரட்டி' முதலிய சொற்கள் அகராதிக் குழுக்களின் துணையின்றி நிலைபெற்றது இக்காலத்தில்தான். கலைச்சொல்லாக்கம் பற்றி எழுதுவோர் இதனை இன்னும் கூர்ந்து நோக்கலாம்.

இப்பதிவர்களுக்கு நேரடியான வருவாய் இருக்கவில்லை. பதிவுகளில் விளம்பரம் இட்டு எழுதுவோருக்குப் பங்களிக்கும் கூகுளின் 'ஆட்சென்சு' திட்டம் இந்திக்கு 2014இலும் தமிழுக்கு 2018இலும்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுக் காலமும் தமிழ்ப் பதிவு என்பது கூலியில்லாப் பயிற்சிக் களமே. எனினும் அக்களம் வேறு வாயில்களைத் திறந்தது. பதிவராக அறியப்பட்ட கேபிள் சங்கர் 2015இல் 'தொட்டால் தொடரும்' என்னும் திரைப்படத்தை இயக்கினார். வேறு சிலர் இதழியலுக்கும் பதிப்புத் துறைக்கும் சென்றனர். பதிவு எழுதியதற்குக் காசு கிடைக்கவில்லை; பதிவைப் படித்தவர் வேலை தந்தார். தட்டச்சுச் சான்றிதழ் செய்த பணியை இங்கு எழுதியவரின் எழுத்தே செய்தது.

எழுத்திலிருந்து காணொளிக்கு ஊடகம் மாறியபின் நிலைமை மேலும் மாறியது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் 2018இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரை எட்டிய முதல் தமிழ் யூடியூப் அலைவரிசையாயிற்று. ஊரை விட்டுப் போகாமலும் மொழியை மாற்றாமலும் அக்குடும்பம் பிழைப்பைக் கண்டது. இது விதிவிலக்கு என்பதையும் உடன் சொல்லவேண்டும். 2018 முதல் யூடியூப் விளம்பர வருவாயில் பங்குபெற ஆயிரம் சந்தாதாரரும் ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும் என விதிக்கப்பட்டது. தொடங்குவோர் பலர் இவ்வாயிலையே எட்டுவதில்லை. சமூக ஊடகம் செல்வம் தரும் என்று பறைசாற்றும் பயிற்சி வகுப்புகள் இதனை உரக்கச் சொல்வதில்லை.

எல்லைப்புறத்து இருமொழித் திறன்

எல்லைப் பகுதிக்கு வருவோம். பாலக்காட்டின் வடகிழக்கே அட்டப்பாடியில் வாழும் இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மாள், 'அய்யப்பனும் கோஷியும்' (2020) என்னும் மலையாளப் படத்திற்காக இருள மொழியில் இயற்றிப் பாடிய பாடல் முதலில் யூடியூப் வழியாகவே பெருங்கூட்டத்தைச் சென்றடைந்தது. 2022இல் அறிவிக்கப்பட்ட 68ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது அவருக்குக் கிடைத்தது. முறையான இசைப் பயிற்சி இல்லாதவருக்கு விருதா என்ற எதிர்ப்பும் எழுந்தது. கமில் சுவெலபில் 1973இல் விரிவாக ஆராய்ந்த, தமிழோடு நெருங்கிய உறவுடைய அம்மொழி, விளக்கவுரையின்றித் தமிழ்க் காதுகளுக்குப் பெருமளவு எட்டியது. ஆயினும் அப்பாடலை எழுதிவைக்க விரும்புவோர் அதனைத் தமிழ் எழுத்தில் எழுதுவதா, பள்ளி கற்பித்த மலையாள எழுத்தில் எழுதுவதா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. மூணாற்றில் ஆங்கில வழியில் அல்லது மலையாள வழியில் பயின்ற தமிழ் இளைஞர் கைப்பேசியில் தமிழை ரோமன் எழுத்தில் தட்டுவதும் இவ்வினாவின் மற்றொரு வடிவமே. சுற்றுலாப் பயணியரை ஈர்க்கும் காணொளிக்கு அப்பேச்சு போதும். மொழிபெயர்ப்புப் பணிக்குப் போதாது.

பணி இருப்பதோ அங்குதான். மலையாளப் படங்கள் இணையத்தில் பரவியபின், துணையுரையும் குரல் மாற்று உரையாடலும் எழுதக்கூடிய இருமொழியாளர் தேவைப்படுகின்றனர். இரு வரிகளுக்குள், கண் படித்து முடிக்கும் நேரத்திற்குள், ஒட்டுச் சொற்கள் நிறைந்த தமிழை அடக்குவது தனித் திறன். 2024இல் வெளிவந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டில் மொழிமாற்றம் இன்றியே ஓடியது. இரு மொழியும் கலந்து வழங்கும் உரையாடலுக்குக் கேட்போர் உண்டு என்பது அதனால் உறுதியாயிற்று. இலக்கியத்திலும் இத்தேவை பழையது. பாலக்காட்டுத் தஸ்ராக் ஊரைக் களமாகக் கொண்ட ஓ. வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' நாவலை (1969) யூமா வாசுகி தமிழாக்கி 2017க்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். மறுபுறம், தென்னக இரயில்வேயில் பணியாற்றிய மலையாள நாவலாசிரியர் டி. டி. இராமகிருஷ்ணன் ஷோபாசக்தியின் 'ம்' நாவலை மலையாளத்திற்குக் கொண்டுசென்றார். மூலத்தில் தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் இடங்களில் எல்லைப்புறத்தவரின் செவி அகராதியினும் உதவும்.

இத்திறனை அரசும் அறியாததன்று. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ளவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் உரிமை அளிக்கிறது. 'தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர்' என்னும் பணியிடத்தை அம்மாநிலப் பணியாளர் தேர்வாணையம் தனியே அறிவிப்பதும் உண்டு. தமிழில் வரும் மனுவைப் படித்துத் தமிழில் விடை எழுதுபவருக்கும், படத்திற்குத் தமிழ்த் துணையுரை எழுதுபவருக்கும் வேண்டிய அடிப்படை ஒன்றே: இரு எழுத்துகளிலும் பிழையின்றி எழுதும் பழக்கம். தேவிகுளத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் அதனைத் தந்து வந்தவை தமிழ்வழிப் பள்ளிகள். பிள்ளைகளின் வேலை கருதியே பெற்றோர் பலர் அவர்களை இப்பொழுது ஆங்கில வழிப் பள்ளிகளுக்கு அனுப்புகின்றனர்.