பரண் கட்டியவன் யார்?

சரித்திரம் என்றால் முடி தரித்த மன்னர்களின் கதை என்றும், போர்களின் வரிசை என்றும் எண்ணி நாம் பழகிவிட்டோம். ஏருக்கும் ஏற்றத்திற்கும், தறிக்கும் தோணிக்கும் சரித்திரம் உண்டு என்பதை நினைப்பவர் சிலரே. அவ்வாறு நினைக்கப்படாத பொருள்களுள் பரணும் ஒன்று. மரக்கிளைகளின் மீது சில கழிகளைப் பரப்பிக் கொடியால் இறுகக் கட்டி, அதன்மேல் ஒருவன் அமர்ந்து காட்டை நோக்கியிருக்கும் எளிய மேடைக்கே பரண் என்று பெயர். இம்மேடை முதலில் பயிரைக் காத்தது; பின்னர் வேட்டைக்குத் துணை செய்தது; இன்று காட்டுயிர்களைக் கண்டு மகிழ்வதற்கும் இடமாக நிற்கிறது. பரணின்மேல் அமர்ந்தவர் இன்னார் என்று நூல்கள் விரித்துப் பேசுகின்றன. அதைக் கட்டியவர் யார் என்று கேட்போமானால் அந்நூல்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அக்கேள்வியைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழருக்குப் பரண் புதிய பொருளன்று. மலைச்சாரலில் மரம் வெட்டிச் சுட்டுத் தினை விதைத்த குறவர் குடியினர்க்குப் பகைகள் இரண்டு: பகலில் கதிரைக் கொய்துபோகும் கிளிக்கூட்டம், இரவில் புனத்தையே பாழாக்கும் பன்றியும் யானையும். தரையில் நின்று இவற்றை ஓட்டுவது அரிது, உயிருக்கும் ஆபத்து. ஆதலின் உயர்ந்த இடத்தில் மேடை கட்டிக் காவல் புரிந்தனர். பழந்தமிழ் நூல்கள் இதனை இதணம் என்றும் கழுது என்றும் வழங்கும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் இதணத்தில் ஏறியிருந்து கிளியோட்டுகின்றனர். அவர்கள் கையில் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகள் உள்ளன. மூங்கிலைப் பலவாகப் பிளந்து ஓசை எழுமாறு தட்டுவது தட்டை. கையால் சுற்றும்போது ஒலிப்பது தழல்.

அப்பாட்டில் நாம் ஊன்றிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்த இதணம் மரத்தின்மேல் அமைந்தது என்றும், புலியும் அஞ்சுவது என்றும் கூறிய கபிலர், அதனைக் கட்டியவன் சேணோன் என்பதையும் சேர்த்தே கூறுகிறார். சேண் என்றால் உயரம். உயரத்தில் இருந்து காவல் புரியும் கானவனே சேணோன். அவனுடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. எனினும் அம்மேடை தானே முளைத்ததன்று, ஒருவனுடைய கைத்தொழில் என்பதைப் புலவர் மறந்தாரில்லை. பிற்காலத்து வேட்டை நூல்கள் பலவற்றில் இவ்வளவு நன்றியைக்கூடக் காண்பது அரிது.

தோட்டங்களில் திருவிழா இரவுகளில் நடிக்கப்பெற்ற வள்ளி திருமண நாடகத்தைக் கண்ட பெரியவர்களுக்குப் பரண் கண்ணுக்குப் பழகிய பொருளே. வள்ளி வேடம் பூண்டவர் பரண்மீதிருந்து ஆலோலம் பாடாத வள்ளி திருமணம் உண்டோ? மலாய் மக்களும் தம் நெல்வயல்களில் தங்கோவ் என்னும் சிறு குடிலைக் கட்டிப் பயிர் காத்தனர். உழுது உண்போர் எங்கெங்கு உள்ளாரோ அங்கெல்லாம் காவல் மேடையும் உண்டு. இதனை உழவனின் கண் என்றே சொல்லலாம்.

இனி வேட்டையின் பக்கம் திரும்புவோம். வெள்ளையர் ஆட்சியில் இந்தியாவின் காடுகளில் புலி வேட்டை துரைமார்களின் பெரிய பொழுதுபோக்காயிற்று. அவர்கள் பரணுக்கு வழங்கிய பெயர் மச்சான் என்பது. இஃது இந்திச் சொல். வடமொழியின் மஞ்சம் என்பதிலிருந்து பிறந்தது. நம் வீட்டு மச்சானுக்கும் இதற்கும் யாதோர் உறவும் இல்லை. புலி ஒரு மாட்டைக் கொன்று பாதி தின்றுவிட்டுப் போனால், மீதியைத் தின்ன மறுநாள் இரவு திரும்பி வரும். அல்லது எருமைக் கன்றையோ ஆட்டையோ இரையாகக் கட்டி வைத்தாலும் வரும். அவ்விடத்தை நோக்கிய மரத்தில் மச்சான் கட்டி, துப்பாக்கியோடு காத்திருப்பதே அவ்வேட்டையின் முறை.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் அடங்கிய அறிவு சிறிதன்று. முதலில் காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்க்கவேண்டும். மனித வாடை இரையின் பக்கம் போகலாகாது. புலி எவ்வழியாக வரும் என்பதை மண்ணில் பதிந்த அடியைக் கொண்டு உணரவேண்டும். புலி பாய்ந்து எட்டாத உயரம் வேண்டும். மிக உயர்ந்தால் குறி தவறும். ஆகவே பன்னிரண்டு அடிக்கும் பதினைந்து அடிக்கும் இடைப்பட்ட உயரமே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆணி அடித்தால் ஓசை காடு முழுதும் கேட்கும். ஆதலால் கொடியாலும் கயிற்றாலுமே கட்டினர். காய்ந்த கழி முறியும். பச்சைக் கழி உலர உலரக் கட்டுத் தளரும். தளர்ந்த கழி கிறீச்சிடும். ஒரு சிறு கிறீச்சொலி போதும், புலி திரும்பிப் போய்விடும். மறைப்புக்குக் கட்டும் தழை அவ்விடத்து மரங்களின் தழையாகவே இருத்தல் நன்று. அயல் தழை காட்டு விலங்கின் கண்ணை உறுத்தும். நேரம் குறைவாயின் கயிற்றுக் கட்டிலையே மரத்தின்மேல் ஏற்றிக் கட்டிச் சுற்றிலும் தழை சாத்துவர். இத்தனையும் புலி நிழலில் படுத்துறங்கும் நண்பகலில், பேச்சும் ஓசையும் இன்றி முடிந்தாகவேண்டும்.

இவற்றை அறிந்து செய்தவர்கள் யார்? மாடு மேய்ப்போரும், விறகு வெட்டுவோரும், மலைக்குடி மக்களுமே. துரை மரமேறி அமர்ந்தபின் அவர்கள் என்ன செய்தனர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். உரக்கப் பேசிக்கொண்டே அவ்விடத்தைவிட்டு நடந்தனர். வந்த மனிதர் எல்லோரும் போய்விட்டனர் என்று புலி நம்பவேண்டும் அல்லவா? மச்சானில் இருந்தவருக்கு உயரம் காவல், துப்பாக்கி காவல். மாலை மங்கும் வேளையில், புலி உலவும் அதே காட்டு வழியே, வெறுங்கையோடு தரையில் நடந்து குடிசை சேர்ந்தவர்களுக்கு என்ன காவல் இருந்தது? வீரம் என்னும் சொல்லை வேட்டை நூல்களில் படிக்கும்போதெல்லாம் இக்கேள்வியை நாம் உடன் வைத்துப் படித்தல் வேண்டும்.

வேட்டையாடியவர் அனைவரையும் பழிப்பது எமது கருத்தன்று. இமயமலைச் சாரலில் ருத்ரபிரயாகை என்னும் ஊர்ப்பக்கம் ஒரு சிறுத்தை, 1918 முதல் 1926 வரை, அரசாங்கக் கணக்கின்படி 125 மக்களைக் கொன்றது. கேதாரத்திற்கும் பதரிக்கும் செல்லும் யாத்திரிகர் வழி அது. 1926 மே மாதத் தொடக்கத்தில் ஜிம் கார்பெட் என்பவர் ஒரு மாமரத்தின் மீது கட்டிய பரணில் அமர்ந்து, கீழே கழுத்து மணியுடன் ஓர் ஆட்டைக் கட்டி, இருட்டில் அம்மணியோசையைக் கொண்டே சிறுத்தையின் வரவறிந்து சுட்டு வீழ்த்தினார். அச்செயலால் பல உயிர்கள் பிழைத்தன என்பதில் ஐயமில்லை. அவரும் ஏழை மலைமக்களை அன்போடு நினைத்து எழுதியவரே. சேலம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிகளை வேட்டையாடிய கென்னத் ஆண்டர்சனும், தமக்குக் காட்டைக் கற்பித்த பூசாரி இனத்துப் பைராவைத் தம் நூல்களில் பெயர் சொல்லிப் போற்றினார். இத்தகையோர் சிலர் இருந்தமையாலேயே மற்றவர்களின் மௌனம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

மலாயாவிலும் இக்கதை நடந்தது. வைகறை இருளில் விளக்கோடு பால்மரம் சீவப் போன தொழிலாளர்க்குப் புலியச்சம் வெறுங்கதையன்று. திரங்கானுவில் பணியாற்றிய லாக் என்னும் அதிகாரி, தாம் சுட்ட புலிகளைப் பற்றி எழுதிய நூல் 1954இல் வெளிவந்தது. ஆயினும் இந்நாட்டின் பரண் வரலாற்றில் திருப்பத்தை உண்டாக்கியவர் வேறொருவர். தியோடர் ஹப்பக் என்பவர் ரப்பர் தோட்டக்காரர், பெரிய வேட்டைக்காரர். யானையையும் காட்டெருமையையும் வேட்டையாடுவது பற்றி 1905இல் நூல் வெளியிட்டவர். அவரே பின்னாளில் மனம் மாறி, மலாயாவின் காட்டுயிர்களைக் காக்கவேண்டும் என்று வாதாடினார். காட்டுயிர் பற்றிய விசாரணைக்குத் தலைமை தாங்கி 1932இல் விரிவான அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1938-39இல் பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று நாடுகளின் எல்லை கூடுமிடத்தில் பெரியதொரு காட்டுக் காப்பகம் ஏற்பட்டது. அதற்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை இட்டனர். அதே மன்னர் 1911இல் நேபாளத்துக் காட்டில் வேட்டையாடியபோது, அவருடைய கூட்டத்தார் பத்து நாட்களில் 39 புலிகளைக் கொன்றனர் என்பது சரித்திரம் செய்த வேடிக்கைகளுள் ஒன்று. நாடு விடுதலை பெற்றபின் அக்காடு தாமான் நெகாரா என்னும் பெயர் பெற்றது.

அக்காட்டில் குவாலா தஹானைச் சுற்றிப் பும்புன் எனப்படும் மறைவு மேடைகள் அமைக்கப்பட்டன. பும்புன் என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பழம்பொருள், பறவை முதலியவற்றைப் பிடிக்க ஒளிந்திருக்கும் குடில் என்பதே. உப்பு மண்ணை நக்க விலங்குகள் வந்து கூடும் இடங்களை மலாயர் ஜெனுட் என்பர். அவ்விடங்களை நோக்கி, காலூன்றி உயர்ந்து நிற்கின்றன இம்மேடைகள். பும்புன் கும்பாங் என்பதில் இரவு தங்கி, மானோ, பன்றியோ, தப்பிரோ வருமா என்று விழித்திருப்பவர் பலர். வேட்டைப் பரணின் விதிகள் அனைத்தும் இங்கும் உண்டு: பேசலாகாது, புகைக்கலாகாது, அசையலாகாது. துப்பாக்கி ஒன்றே இல்லை. ஒளிந்திருந்து கொல்வதற்கென வளர்ந்த கலை, ஒளிந்திருந்து காண்பதற்குப் பயன்படுகிறது. 2020இல் முடிந்த கணக்கெடுப்பின்படி இந்நாட்டுக் காடுகளில் எஞ்சிய மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று மதிக்கப்பட்டமையால், இம்மாற்றம் எவ்வளவு காலந்தாழ்ந்து வந்தது என்பதை உணரலாம்.

இங்கும் முதற்கேள்வி நம்மை விடுவதில்லை. ஹப்பக்கின் பெயர் நூல்களில் நிலைத்தது. மன்னரின் பெயர் காட்டுக்கே இடப்பட்டது. காப்பகம் ஏற்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே அக்காட்டில் வாழ்ந்துவந்த பாதேக் மக்களை எத்தனை பேர் அறிவர்? விலங்கின் தடத்தையும் நீரின் வழியையும் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் அவர்களே.

நேயர்களே! இதனை அயலார் கதையாக மட்டும் எண்ணிவிடாதீர்கள். இளஞ்செம்பனைக் கன்றுகளை யானையும் பன்றியும் அழிக்காமல், இரவெல்லாம் தீ மூட்டித் தகரம் தட்டிக் காவல் காத்த ஜாகாக்கள் நம் தோட்டங்களில் இருந்தனர். தட்டை இருந்த இடத்தில் தகரம் வந்தது, தொழில் ஒன்றே. அவர்களும் சேணோனின் வழிவந்தவர்களே. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் ஒருநாட் கூலியாக மட்டும் பதிவாயினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குச் சிதறிவிட்ட பின்னர் அந்தக் கணக்கும் எங்கே கிடைக்கும்? உங்கள் வீட்டிலோ அண்டையிலோ அவ்வாறு காவல் இருந்த முதியவர் உளராயின், இந்த வாரமே அவரிடம் சென்று அமருங்கள். காவற்குடில் எங்கே நின்றது, எதனால் கட்டப்பட்டது, உடனிருந்தவர் யார் யார் என்று கேட்டு, அவர் சொல்லும் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆண்டோடு எழுதி வையுங்கள்.