நோயாளியைத் தொடுமுன் ஒத்திகை அவசியம்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் கடும் நோயுற்ற வேளையில் நாடிவருவது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையையே. கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் பயில்வதும் அங்கேதான். நோயறிதலில் ஸ்கேன் பிரிவின் பங்கு பெருகிவிட்ட இன்று, அப்பிரிவின் வைத்தியர்கள் எவ்வாறு பயிற்றப்பட வேண்டும் என்பது இரு சமூகத்தவரினதும் அக்கறைக்குரிய விடயமாகும்.

சிடி ஸ்கேன் எடுக்கையில் உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காக அயடீன் கலந்த மருந்தொன்று நாளத்தில் ஏற்றப்படுகின்றது. மிகச் சிலருக்கு இம்மருந்து உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். ஜப்பானில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பரிசோதனைகளை ஆராய்ந்து 1990 இல் வெளியான ஆய்வின்படி, புதிய வகை மருந்தினால் கடுமையான எதிர்விளைவு ஏற்பட்டது 10,000 பேரில் ஏறத்தாழ 4 பேருக்கே. நோயாளிக்கு இது நற்செய்தி. பயிற்சிக்கோ இதுவே இடர்ப்பாடு. பல ஆண்டுகள் இத்தகைய நோயாளியைக் காணாத வைத்தியர், காணும் அந்த ஒரு நாளில் சில நிமிடங்களுக்குள் தவறின்றிச் செயற்பட்டாக வேண்டும். வளர்ந்தவர்க்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலீனைத் தொடையின் வெளிப்புறத் தசையில் ஏற்ற வேண்டும் என்பதை நூலில் கற்றிருந்தாலும், பதற்றத்தில் அளவும் ஏற்றும் வழியும் தடுமாறக்கூடும்.

அரிதாக நிகழ்வதை ஒத்திகை மூலமே பழக முடியும். விமானிகள் நெடுங்காலமாக அவ்வாறே பயிற்றப்படுகின்றனர். மருத்துவத்தில், நோர்வேயின் விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளரான ஓஸ்முன்ட் லார்டல் 1960 இல் உருவாக்கிய உயிர்காப்புப் பயிற்சிப் பொம்மை இதற்கு முன்னோடியாயிற்று.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டும் என்று தயங்கத் தேவையில்லை. நோன்பு காலத்தில் நம் வீடுகளில் காய்ச்சும் கடற்பாசியைக் கெட்டியாக உறையவைத்து, உள்ளே ஒரு திராட்சைப் பழத்தைப் புதைத்தால், ஸ்கேன் திரையைப் பார்த்தவாறே கட்டியினுள் ஊசி செலுத்திப் பழகுவதற்கான மாதிரி தயார். முதல் பத்துத் தடவை ஊசி தவறுவது அதிலாகட்டும். ஒரு தாயின் ஈரலில் அல்ல.

திட்டமிடுவோர் கருவிப் பட்டியலுடன் தொடங்கலாகாது என்பதே நமது நிலைப்பாடு. எத்தவறுகள் உயிரைப் பறிக்கும் என்பதை முதலில் வரிசைப்படுத்த வேண்டும். வைத்தியருடன் தாதியரும் கதிர்ப்படப்பிடிப்பாளரும் ஒரே குழுவாக, அவர்கள் நாளாந்தம் பணியாற்றும் அதே அறையில் பங்கேற்க வேண்டும். மருந்துப் பெட்டி இருக்கும் இடத்தை அறிய வேண்டியது அந்த அறையில்தான். ஒவ்வோர் ஒத்திகைக்குப் பின்னரும் எவரையும் குற்றஞ்சாட்டாத கலந்துரையாடல் இடம்பெறல் வேண்டும்; கற்றல் நிகழ்வது பெரும்பாலும் அப்போதே. பழகிய திறன் சில மாதங்களில் மங்கிவிடுவதால், ஆண்டுக்கு இரு தடவையேனும் அது மீட்கப்பட வேண்டும்.

கதிரியக்க நிபுணர்களை உருவாக்கும் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் கொழும்பில் உள்ளது. ஆயினும் இத்தகைய ஒத்திகைக்கு முந்நூறு கிலோமீற்றர் பயணிக்க வேண்டியதில்லை. ஓர் அறை, ஒரு மணிநேரம், பொறுப்பேற்கும் ஒருவர் ஆகிய மூன்றும் அமைந்தால் இங்கேயே தொடங்கலாம். பல்கலைக்கழகமும் வைத்தியசாலை நிர்வாகமும் இணைந்து இதனை முன்னெடுக்க வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.