வெள்ளையடித்த கை

தை பிறக்குமுன் வீடு புதுக்கோலம் பூணும். பழம்பாய் வெளியேறும், சுவரிலே சுண்ணாம்பு ஏறும், திண்ணை மெழுகப்படும். அந்த உழைப்பிலே பெரும்பங்கு பெண்ணுடையது. அந்த வீட்டிலே அவள் பங்கு எவ்வளவு?

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, ஆணுக்குள்ள சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டுமென்று தீர்மானித்தது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. மகளும் வாரிசுதான் என்றது. ஆனால் தோழர்களே, அதன் 23ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்! குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் தாமாகப் பிரித்துக்கொள்ளும் வரையில், பெண் வாரிசு பிரித்துக் கேட்க இயலாது. மகள் மணமாகாதவளா, கணவனால் கைவிடப்பட்டவளா, பிரிந்து வாழ்பவளா, கைம்பெண்ணா? தங்கலாம். கணவனோடு வாழ்பவளுக்கோ தங்கும் உரிமையும் இல்லை. பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் சீர் போயிற்று: கரும்பு, மஞ்சள், பானை. பாசம் என்றார்கள்! பத்திரத்திலே மட்டும் அவள் பெயர் ஏறவில்லை.

1989இல் கலைஞர் ஆட்சி, பரம்பரைச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கை மகளுக்கும் வழங்கியது. அதற்கு முன்பே மணமானவர்கள் விடுபட்டனர். 23ஆம் பிரிவோ 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தத்தில்தான் ஒழிந்தது. அதற்குள் 49 பொங்கல்களுக்கு வெள்ளையடித்து முடித்திருந்தாள் அவள். பங்குரிமை பிறப்பிலேயே மகளுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதி செய்தது.

இன்றும் பாகப்பிரிவினையின்போது, உடன்பிறந்தவளுக்கு ஒரு பட்டுப்புடவையை நீட்டிக் கையெழுத்து வாங்கும் அண்ணன்மார் உண்டு. அப்படி அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் ஆவணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் வழங்கும் பெயர், விடுதலைப் பத்திரம்!