குளிர்ல முனகுற வண்டியும் மூணு கேள்வியும்

ஜவ்வாது மலைன்னா நம்ம மக்களுக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு ஜமுனாமரத்தூர் பக்கத்துத் தேனும் சாமையும். இன்னொண்ணு காவலூர் வானாய்வகம். வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 1968ல ஒரு 38 செ.மீ. தொலைநோக்கியோட ஆரம்பிச்சாங்க. 1977 மார்ச்ல யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு தெரிய வந்த ராத்திரி, காவலூரும் அதைப் பதிவு பண்ணின இடங்கள்ல ஒண்ணு.

"அதுக்கும் காருக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேக்கறீங்களா? இருக்கு. அங்கே வானம் தெளிவு. மேகம் இல்லாத ராத்திரியில தரையோட சூடு போர்வை இல்லாத ஆள் மாதிரி வெளியே போயிடும். வானியல்காரருக்கு நல்ல ராத்திரி, ஜீப் டிரைவருக்குக் கெட்ட காலை!

லடாக் அளவு குளிர் இல்லைதான். நல்லா இருக்கிற வண்டியை இது ஒண்ணும் பண்ணாது. ஏற்கனவே நொந்து போன பேட்டரி, தேஞ்ச ப்ளக் இதையெல்லாம் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆனா மலையில வண்டி கிளம்பலைன்னா ஆபீஸுக்கு லேட்டுங்கிறதோட முடியாது. சந்தைக்குப் போற புளி மூட்டையும், கீழே இறங்க வேண்டிய பிரசவ கேஸும் அதே வண்டியை நம்பித்தான் நிக்கும். அதனாலதான் மலை டிரைவருங்க ராத்திரி இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவாங்க. காலையில நியூட்ரல்ல உருட்டி, செகண்ட் கியர் போட்டு கிளட்ச்சை விட்டா கிளம்பிடும்.

இஞ்சின் கிளம்பணும்னா மூணு விஷயம் நடக்கணும். சுத்தணும், குடிக்கணும், பத்திக்கணும். இந்த மூணையும் மனுஷன் எப்படிச் சமாளிச்சான்னு பார்த்தா, வண்டியில எங்கே கோளாறுன்னு தேடறதுக்கும் அதுவே வழி.

1. சுத்துதா?

ஆரம்பத்துல ஹேண்டில்தான். முன்னாடி சொருகி கையால சுத்தணும். பிஸ்டன் மேலே வந்து சேர்றதுக்கு முன்னாடியே நெருப்பு பத்திக்கிட்டா ஹேண்டில் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு காலி. அதனால கட்டை விரலை மத்த விரல்களோட ஒரே பக்கம் வெச்சுப் பிடிக்கணும்னு சொல்லிக் கொடுப்பாங்க.

1911ல சார்லஸ் கெட்டரிங் இதுக்கு முடிவு கட்டினார். அதுக்கு முன்னாடி கல்லாப்பெட்டி மெஷினுக்கு மோட்டார் வெச்சவர். அங்கே கத்துக்கிட்ட சூட்சுமம் இதுதான்: சில நொடி மட்டும் ஓடுற மோட்டாரைத் தாங்குற அளவுக்கு மேலேயே வேலை வாங்கலாம், அது சூடாகறதுக்குள்ள நிறுத்திடணும். நம்ம பாஷையில சொன்னா பழைய கோடை எடுத்துப் புது ப்ராஜெக்ட்ல போட்டார். 1912 மாடல் காடிலாக்ல செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. நம்ம ஊர் அம்பாசடர்ல அதுக்கப்புறம் ரொம்ப காலம் செல்ஃபும் இருந்தது, ஆபத்துக்கு ஹேண்டிலும் இருந்தது.

இப்ப உங்க வண்டி: சாவியைத் திருப்பினா 'டிக்'னு மட்டும் சத்தம், லைட் மங்குதா? பேட்டரி, இல்லைன்னா டெர்மினல். வெள்ளையா பச்சையா பூத்திருந்தா கழட்டி, சோடா மாவு கலந்த வெந்நீர் ஊத்திச் சுத்தம் பண்ணி இறுக்குங்க. ஓய்வுல 12.6 வோல்ட் இருந்தா முழு சார்ஜ், 12.2 இருந்தா பாதிதான். மெதுவா முக்கி முக்கிச் சுத்துதா? குளிர்ல பேட்டரியோட பலமும் குறையும், ஆயிலும் கெட்டியாகும். ஆயில் டப்பாவுல 20டபிள்யூ40னு இருக்கே, அந்த டபிள்யூ குளிர்காலத்தைத்தான் குறிக்குது. அதுக்கு முன்னாடி இருக்கிற எண் குறைஞ்சா குளிர்ல ஆயில் இளகி ஓடும். வண்டி கையேட்டுல அனுமதிச்ச எண்ணை மட்டும் போடுங்க.

2. குடிக்குதா?

குளிர்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது. அதனால காத்தைக் குறைச்சு பெட்ரோலைக் கூட்டணும். அதுக்குத்தான் சோக். பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 ஓட்டினவங்களுக்கு அந்தக் குமிழ் ஞாபகம் இருக்கும். அதிகமா இழுத்தா ப்ளக் நனைஞ்சுடும். அப்புறம் கழட்டித் துடைச்சு காய வெக்கணும்.

1967ல பாஷ் கம்பெனியோட எலக்ட்ரானிக் இஞ்ஜெக்‌ஷன் வந்தப்போ, இஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்குன்னு சென்சார் சொல்லும், பெட்டி கணக்குப் போடும்னு ஆச்சு. இந்தியாவுல 2000ல டெல்லி பக்கம் யூரோ 2க்கு இணையான விதி வந்ததும் எம்பிஎஃப்ஐ வண்டிகள் பெருகிச்சு, சோக் குமிழ் மெல்ல மறைஞ்சது.

மறைஞ்சது குமிழ்தான், வேலை இல்லை. அந்த டெம்பரேச்சர் சென்சார் கெட்டு 'சூடா இருக்கேன்'னு பொய் சொன்னா, ஈசியூ பெட்ரோலைக் குறைச்சுடும். வேகமா சுத்தும், ஆனா பிடிக்காது. மதியம் அதே வண்டி ஒரே சாவியில கிளம்பும். காலையில மட்டும் தகராறுன்னா இதைச் சந்தேகப்படுங்க. தப்பான இன்புட், சரியான ப்ரோக்ராம், தப்பான அவுட்புட்!

3. பத்திக்குதா?

பெட்ரோல் வண்டியில தேஞ்ச ப்ளக், ஈரமான ஒயர் இதையெல்லாம் பார்க்கணும். டீசல்ல ப்ளக் பொறியே கிடையாது, அழுத்தின காத்தோட சூட்டுலதான் பத்திக்கும். இரும்பு குளிர்ந்து கிடந்தா அந்தச் சூட்டை அதுவே தின்னுடும். அதுக்குத்தான் க்ளோ ப்ளக், டிரைவர் பாஷையில 'ஹீட்டர்'. பழைய டீசல் ஜீப்ல ஹீட்டர் போட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் செல்ஃப் அடிப்பாங்க. நாலுல ஒண்ணு செத்தா கிளம்பினதும் வெள்ளைப் புகையோட நொண்டும், சூடானதும் சரியாயிடும். 'அதான் சரியாயிடுச்சே'ன்னு விட்டுடாதீங்க, அடுத்த ப்ளக்கும் போனா ஒரு நாள் நடுக்காட்டுல நிப்பீங்க.

கவனிச்சீங்களா? ஹேண்டில், சோக், ஹீட்டர்னு ஒவ்வொண்ணா நம்ம கையை விட்டுப் போயிடுச்சு. நல்லதுதான், கை உடையறது நின்னுச்சு. ஆனா காதால கேட்டே எங்கே கோளாறுன்னு சொல்ற பழக்கமும் கூடவே போகுது. ஸ்கேனர் வெச்ச ஒர்க் ஷாப் கீழே சமவெளியில இருக்கும். வண்டி நிக்கிறது மேலே. அங்கே உதவுறது இந்த மூணு கேள்விதான், அதுவும் இதே வரிசையில.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது ஹேண்டில் போட்டு வண்டி கிளப்பியிருந்தா, அந்தக் கதையைப் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: செல்ஃபை ஒரே மூச்சுல 10 நொடிக்கு மேல அடிக்காதீங்க, அரை நிமிஷம் விட்டு அடிங்க. மூடின ஷெட்டுக்குள்ள இஞ்சினை ஓட விட்டுச் சூடு பண்ணவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே முடிச்சுடும்.