கோலார் தங்கவயலின் கறுப்புப் பாறை எங்கே பிறந்தது? வேதியியல் சொல்லும் கதை

கேஜிஎஃப் என்றதும் பலருக்குத் தங்கமும் யாஷ் நடித்த படமும்தான் நினைவுக்கு வரும். ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால், சயனைடு மண்மேடுகளும் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட சுரங்கமும் நினைவுக்கு வரும். ஆனால் புவியியல் ஆய்வாளர்களுக்கு இந்த ஊர் வேறொரு காரணத்துக்காக முக்கியம். பூமியின் தட்டுகள் எப்போது நகரத் தொடங்கின என்ற பெரிய கேள்விக்கு இங்கே ஒரு தடயம் இருக்கிறது. அது தங்கத்தில் இல்லை. தங்கத்தைச் சூழ்ந்திருக்கும் கறுப்புப் பாறையில் இருக்கிறது.

அது என்ன பாறை?

கோலார் பாறைப் பட்டை வடக்கு தெற்காகச் சுமார் 80 கி.மீ. நீளம் கொண்டது. அகலம் சில கி.மீ. மட்டுமே. அதன் பெரும்பகுதி ஆம்ஃபிபோலைட் என்ற பாறை. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக வெளிவந்த பசால்ட்தான் பிற்பாடு வெப்பத்திலும் அழுத்தத்திலும் இப்படி மாறியது. பெத்தப்பள்ளியில் தலையணைகளை அடுக்கியதுபோல் உறைந்த லாவாவைப் பார்க்கலாம். தண்ணீருக்கு அடியில் பொங்கிய லாவாதான் அப்படி உறையும். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்த இடத்தைத் தேசிய புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

பிறந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருப்பது கவசம். அது பெரும்பாலும் திடப் பாறைதான். அதில் ஒரு சிறு பங்கு உருகி மேலே வருவதே பசால்ட். ஃபில்டர் காபியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் டிகாஷன் திக்காக இறங்கும். அதே பொடியில் இரண்டாவது முறை வெந்நீர் ஊற்றினால் தண்ணியாகத்தான் வரும். லாந்தனம், செரியம் போன்ற இலகுவான அருமண் தனிமங்கள் பாறை உருகியதும் முதலில் குழம்போடு போய்விடும். எனவே பசால்ட்டில் அவை குறைவாக இருந்தால், அதன் மூலப்பாறை ஏற்கெனவே ஒருமுறை ‘இறக்கப்பட்ட’ பொடி என்று ஊகிக்கலாம்.

ஆழத்துக்கும் ஒரு துப்பு உண்டு. கவசத்தின் ஆழமான பகுதியில் கார்னெட் என்ற கனிமம் இருக்கும். அது கனமான அருமண் தனிமங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழம்பில் அவை குறைந்திருந்தால், கார்னெட் கீழேயே தங்கிவிட்டது, உருகல் நல்ல ஆழத்தில் நடந்தது என்று பொருள்.

சரி, பொடி அதேதான், வெந்நீரின் அளவுதான் மாறியது என்றால்? இங்கேதான் ஐசோடோப்புகள் கைகொடுக்கின்றன. சமேரியம்-147 மெல்லச் சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 10,600 கோடி ஆண்டுகள். எவ்வளவு பங்கு உருகியது என்பதைப் பொறுத்துத் தனிமங்களின் அளவு மாறும். ஐசோடோப்பு விகிதம் மாறாது. அது மூலப்பாறையின் பழைய வரலாற்றை அப்படியே சுமந்து வரும்.

ஒரு எச்சரிக்கை: இவ்வளவு பழைய பாறையில் சோடியம், பொட்டாசியம் போன்றவற்றை நம்ப முடியாது. சூடான நீர் அவற்றை எளிதில் கரைத்து இடம் மாற்றிவிடும். அதனால்தான் எளிதில் நகராத அருமண் தனிமங்கள், டைட்டானியம், சிர்கோனியம் ஆகியவற்றை ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். குழம்பு மேலே வரும் வழியில் மேலோட்டுப் பாறை அதில் கலந்ததா என்பதையும் சோதிக்க வேண்டும்.

கோலாரில் என்ன தெரிந்தது?

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வி. ராஜாமணி, அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்பர்ட் ஹான்சன் ஆகியோரின் குழு 1985-ல் முதல் பெரிய விடையைத் தந்தது. இங்கே மக்னீசியம் மிகுந்த கோமாட்டியைட் வகைப் பாறையும் சாதாரண பசால்ட்டும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. முதலாவது அதிக ஆழத்தில் உருகியது, இரண்டாவது அதைவிடக் குறைந்த ஆழத்தில் உருகியது என்றார்கள்.

1989-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை இன்னும் ஒருபடி மேலே போனது. குரோக்ஸ்டாட், பாலகிருஷ்ணன், முகோபாத்யாய், ராஜாமணி, ஹான்சன் ஆகியோர் எழுதியது அது. பட்டையின் மேற்குப் பக்கப் பாறையும் கிழக்குப் பக்கப் பாறையும் ஒரே கவசப் பகுதியிலிருந்து வந்தவை இல்லை. தனிமங்களும் சரி, ஐசோடோப்புகளும் சரி, வேறு வேறு கதை சொல்கின்றன. எங்கெங்கோ பிறந்த இரண்டும் 253 கோடி முதல் 242 கோடி ஆண்டுகளுக்கு முன் கிடைமட்டமாக நெருக்கப்பட்டு ஒட்டிக்கொண்டன. ஆக, கோலார் ஒரு தையல் கோடு. தட்டுகளின் நகர்வு 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

விவாதம் முடிந்துவிட்டதா?

இல்லை. கிழக்கு தார்வார் பகுதியின் பழைய பாறைகளை, தட்டு மோதலைவிட, ஆழத்திலிருந்து எழும் சூடான கவசத் தூணைக் கொண்டு விளக்கும் ஆய்வாளர்களும் உண்டு. பாறைகளின் மூலம் வேறு வேறு என்று வேதியியல் காட்டும். அவை எப்படி ஒன்று சேர்ந்தன என்பதற்குக் களத்தில் பாறையின் மடிப்பையும் நெரிசலையும் பார்த்தாக வேண்டும்.

சுமார் 3 கி.மீ. ஆழம் வரை போன சுரங்கங்கள் மூடப்பட்டபின் அவற்றில் தண்ணீர் நிரம்பிவிட்டது. புதிதாக மாதிரி எடுக்க நினைப்பவருக்கு இனி முதல் வழி, தரைக்கு மேல் தெரியும் பாறைதான். பெத்தப்பள்ளி பக்கம் போனால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுகூட உடைத்து எடுத்து வராதீர்கள்.